அறுபது நிமிடம்

வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது:
சிலிங், அறுபது நிமிடம்.
இளஞ்சிவப்புத் தாள் ஒட்டிய ஜிப்சம், இரண்டு அடுக்கு.
கீழே பற்றிக்கொண்டால்
மேலே இருப்பவர்களுக்கு அவ்வளவு நேரம்
எழுந்திருக்க, பக்கத்துப் பாயை உலுக்க,
செருப்பைத் தேடாமல் படியிறங்க.

பினாங்கு, கிம்பர்லி சாலை, பழைய கடைவீடு.
அந்த அறுபது நிமிடத்தில்
ஓட்டை போடக் கூலி பேசி வந்திருக்கிறேன்.
இருபத்து நான்கு டவுன்லைட்.
ஒவ்வொரு மேசையிலும்
கேக்கின் மேல் வெளிச்சம் விழ வேண்டுமாம் மிஸ்டர் கூவுக்கு.

ஏணியின் ஆறாம் படி. தொண்ணூறு மில்லி ஹோல்-சா.
கண்ணாடி போட்டும் இமையில் மாவு,
முகமூடி போட்டும் நாக்கில் சுண்ணாம்பு.
மரத்தளத்துக்கு மேலே பதினொரு நேபாளிகள்.
இரவெல்லாம் கர்னி டிரைவ் மாடிவீடுகளைக் காத்துவிட்டுப்
பகலைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பவர்கள்.
ஒரு வட்டம் வெட்டியதும் கொஞ்சம் நிறுத்துவேன்.
ஏணியைப் பிடித்திருக்கும் ஹைரி சிரிப்பான்:
"கக்கா, தாலாட்டும் பாடிடுங்க."

ஏழாவது ஓட்டைக்குள் டார்ச் அடித்தேன்.
துணி சுற்றிய செத்த வயர். எலிப் புழுக்கை.
பலகைச் சந்தில் ஒரு போர்வையின் நுனி,
மூச்சுக்கு மூச்சு அசைந்தது.
உத்தரத்தின் மேல் ஓர் ஐம்பது காசு.
எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தப்பு என்னுடையதுதான்.
இருபத்து நான்கையும் வெட்டி முடித்த பிறகுதான்
குல்லாப் பெட்டியைத் திறந்தேன்.
விளக்கின் தலையில் மாட்டும் தீக்குல்லா:
சாம்பல் நிறம், தொட்டால் பழைய கம்பளி.
சூடு பட்டால் பூரிபோல் உப்பி
ஓட்டையை அடைத்துக்கொள்ளுமாம்.
பதினாறு வருஷமாக மாட்டுகிறேன்,
உப்பிப் பார்த்ததில்லை,
பார்க்கவும் வேண்டாம்.

பதினாறுதான் இருந்தன.
"ஒண்ணு எழுவத்தெட்டு வெள்ளி, அம்மா.
பின்பக்கத்துக்கு எதுக்கு? யார் ஏறிப் பாக்கப்போறா?"
பொம்பா அதிகாரி வெள்ளிக்கிழமை வருவார்,
வெளிச்சம் வருகிறதா என்றுதான் பார்ப்பார் என்றார்.

நானும் கணக்குப் போட்டேன், பொய் சொல்வானேன்.
மூன்றில் ஒரு பங்கு குறைந்தால்
அறுபதில் நாற்பது மிஞ்சாதா?
மிஞ்சாது.
நெருப்புக்குச் சராசரி தெரியாது.
அதற்கு ஒரு ஓட்டை போதும்.

எட்டையும் சதுரமாக வெட்டிப் பெரிதாக்கினேன்,
மரச்சட்டம் தட்டுப்படும்வரை.
அதே பலகை, அதே இரண்டு அடுக்கு, திருகாணி,
சந்தெல்லாம் சிவப்புப் பசை.
வயர் நுழைய மட்டும் சுண்டுவிரல் துளை,
அதற்குள்ளும் பசை.
விளக்கை வெளியே, மேற்பரப்பில் மாட்டினேன்.

மிஸ்டர் கூ அண்ணாந்து பார்த்தார்.
வழுவழுப்பான சிலிங்கில் எட்டு புடைப்பு.
"கொப்புளம் மாதிரி இருக்கு," என்றார்.
கொப்புளம்தான் என்றேன்.
கூலியில் முந்நூறு பிடித்துக்கொண்டார்.
ஹைரி வானொலியின் சத்தத்தைக் கூட்டினான்.

ஆறரைக்கு அவர்கள் இறங்கி வந்தார்கள்.
சீருடை, தொப்பி, டிபன் டப்பா, ஈரத் தலை.
ஐம்பது காசை நீட்டினேன்.
கை மாறிக் கை மாறிப் போய் என்னிடமே வந்தது.
யாருடையதும் இல்லை. அதிலிருந்த வருஷத்தில்
அங்கே யாருமே பிறந்திருக்கவில்லை.

கடைசியாக வந்தவர் கேட்டார்,
மலாய்மொழியில், தூக்கம் தெளியாத குரலில்:
நாளைக்கும் சத்தம் இருக்குமா?
இல்லை, முடிந்தது என்றேன்.
நல்லது என்று சைக்கிள் பூட்டைத் திறந்தார்.

அறுபது நிமிடம் என்று சொல்லியிருக்கலாம்.
எதற்கு என்று கேட்பார்.
மழை வேறு தூற ஆரம்பித்திருந்தது.