மூன்றாம் படியின் மகள்

லாஜெஸ் நகரப் பிறப்புப் பதிவு அலுவலகத்தில்
இருபத்தாறு வருஷம்
அடுத்தவர் பிள்ளைகளுக்குப் பெயர் எழுதினேன்.
வீட்டுக்கு வந்தால் கிழங்குகள்.

அமரில்லிஸ் மொட்டு வாய் திறக்குமுன்
இதழை விலக்கி
ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் கிள்ள வேண்டும்,
தன்னைத் தானே மணந்துகொள்ளாமலிருக்க.
சூல்முடி மூன்றாகப் பிரிந்து பிசுபிசுக்க
இரண்டு நாளாகும்.
அதற்குள் யாரும் வந்துவிடாதபடி
தலையில் ஒரு வெள்ளித்தாள் குல்லாய்.

மகரந்தம் குளிர்பெட்டியில் இருக்கும்,
வெண்ணெய்க்குப் பக்கத்தில், மாத்திரைக் கூடுகளுக்குள்.
ஒருமுறை தம்பி ஒடாயிர்
தலைவலிக்கென்று ஒன்றை விழுங்கிவிட்டான்.
"இன்னும் எதுவும் பூக்கவில்லை" என்று
ஒரு வாரம் கழித்துத் தொலைபேசினான்.

தாய் பெயர் முதலில் வரும்.
பிறகு ஒரு பெருக்கல் குறி.
பிறகு தகப்பன்.
தயிர் டப்பாவை நறுக்கிய பட்டையில் பென்சிலால் எழுதிச் செருகுவேன்.
மை முதல் மழைக்கே ஓடிவிடும்,
பென்சில் நிற்கும்.
அலுவலகத்தில் பென்சிலைத் தொடவே கூடாது.

அந்த அக்டோபரில்
(எங்களுக்கு அப்போதுதான் வசந்தம்)
ஆலங்கட்டி மழை ஓய்ந்த காலை,
மூன்றாம் படியில் நிற்கும் வெள்ளைக்குப்
பச்சைக்கழுத்தனின் தூளைத் தடவப் போனேன்.
குல்லாய் கீழே கிடந்தது.
பூவுக்குள் ஓர் ஓசனிச்சிட்டு.
மலர்முத்தி என்பார்கள் இங்கே.
அதன் மோவாயெல்லாம் மஞ்சள்,
யார் வீட்டு மஞ்சளோ.

தடவத்தான் செய்தேன், தாமதமாக.
காய் பருத்து ஐந்தாம் வாரம் வெடித்தது.
கறுத்த காகிதச் செதில்களாய் விதைகள்
தட்டுத் தண்ணீரில் மிதந்தன,
எரித்த கடிதத்தின் மிச்சம்போல.
வேர்விட்டவை பதினொன்று.
மூன்று அழுகின, நான்கைப் பூனை கிளறியது.
பிறகு பூத்ததெல்லாம் சிவப்பு, சிவப்பு,
ரயில்பாதை ஓரம் தானாய் முளைக்கிற அதே சிவப்பு.
இரக்கமில்லாமல் உரக்குழிக்கு அனுப்பினேன்.

நாலாம் வருஷம் மிஞ்சிய ஒன்று பூத்தது.
பால்வெள்ளை. அடித்தொண்டையில் பச்சை.
விளிம்பில் மட்டும்
ஊசியால் கீறியதுபோல் ஊதா.
பன்னிரண்டு வருஷம் கணக்குப் போட்டுத் தேடிய பூ
கணக்கில் வராத வழியாக வந்து நின்றது.
அன்று நான் காப்பியை அடுப்பிலேயே மறந்தேன்.

பொமெரோடியிலிருந்து நாற்றுப்பண்ணைக்காரர் எகோன் ஷ்மிட்கெ வந்தார்.
தொப்பியைக் கழற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு
வெகுநேரம் பார்த்தார்.
விலை சொன்னார். நல்ல விலை.
"தாய்?"
"மூன்றாம் படி."
"தகப்பன்?"
ஈரச் சட்டை உலரும் கொடியைப் பார்த்தேன்.
"பச்சைக்கழுத்தன் என்றே போடுங்கள் அம்மா.
சங்கத்தில் யார் தோண்டப்போகிறார்கள்?"

மழைக்கோட்டுக்குள் குழந்தையைப் பொத்திக்கொண்டு
ஒருநாள் லிந்தவுரா வந்தாள்.
இதே கேள்வியைத்தான் கேட்டேன்.
என் மேசையின் பசைப் புட்டியையே பார்த்திருந்துவிட்டு,
"அந்த இடத்தைக் காலியாக விடலாமா?" என்றாள்.
விட்டால் பின்னால் யாராவது எதையாவது எழுதுவார்கள் என்று
அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தேன்.
நன்றாக அழுத்தி.
அடுத்த தாளிலும் தடம் விழுந்தது.
அது வேறொரு குழந்தையின் தாள்.

எகோன் படிவத்தை நீட்டினார், பேனாவும்.
தாய் பெயரை எழுதினேன்.
பெருக்கல் குறி போட்டேன்.
பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு
எழுந்துபோய்
சமையலறை இழுப்பறையில்
நூல்கண்டு, சாவிகள், பழைய ரசீதுகளுக்கு அடியில் துழாவினேன்.
கிடைத்தது ஒரு பென்சில்துண்டு.
கூர் மழுங்கியிருந்தது.
சீவ உட்கார்ந்தேன்.