மூன்றடுக்கு

சாவி திருப்பும் வேலை இதில் இல்லை.
பட்டனை அமத்தினால்
யப்பான்காரி ஒருத்தி ஏதோ சொல்லுவாள்,
நீளமாய், மரியாதையாய்.
எனக்கு விளங்காது. ஓம் என்பேன்.
நாலு வருசமாய் எங்களுக்குள் இதுதான் கதை.

பெற்றோல் வரிசையில் மூன்று இரவு நின்று
ஒரு பிறந்தநாள் கேக்கைப் பிந்திக் கொடுத்த ஆண்டு
காப்பு இரண்டையும் அடகு வைத்து இவளை வாங்கினேன்.
அப்போதே பற்றரியின் பன்னிரண்டு கோட்டில் நாலைக் காணோம்.
விற்றவன் சொன்னான்:
"மட்டக்களப்புக்குள்ள ஓட இது காணும் அக்கா."
ஓடர் மட்டக்களப்புக்குள் நிற்குமா?

கல்லடிப் பாலம். திரையில் தொண்ணூற்றிரண்டு.
பொத்துவில் நூற்றெட்டு.
பின்சீற்றை மடக்கி, வழுக்காமல் றபர் பாய் விரித்து,
அதன்மேல் மூன்றடுக்கு. பட்டர் ஐசிங்.
உச்சியில் சீனியால் செய்த கொக்கு இரண்டு.
பொம்பிளை விதுர்சிகா கேட்டது:
"அன்னம் வேணாம் அக்கா, எல்லாருக்கும் அன்னம்தான்."

ஏசியைப் போட்டேன்: எழுபத்தொன்று.
நிப்பாட்டினேன்: தொண்ணூறு.
ஆரையம்பதியில் வெயில் கண்ணாடிக்குள் கைவிட்டு
நடு அடுக்கைத் தடவியதைப் பார்த்தேன்.
போட்டேன்.

களுவாஞ்சிக்குடி, கல்முனை, நிந்தவூர்.
மற்றவர்களுக்கு ஊர்கள். எனக்குக் கழித்தல் கணக்கு.
பஸ்காரன் ஹோர்ன் அடித்தான், ஓட்டோ முந்தியது,
நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை நான்.

அக்கரைப்பற்றில் ஒன்பது மிச்சம்.
உரக்கடைக்குப் பக்கத்தில், தகரத்துக்குக் கீழே
முஸம்மில் காக்காவின் விரைவு சார்ஜர்.
இதற்கு அங்கால் எனக்குத் தெரிய வேறொன்று இல்லை.
அதில் ஏற்கனவே ஒரு நீலக் கார்,
கூரையில் அலைச்சறுக்குப் பலகை,
அறுபத்தொரு வீதம், ஆளைக் காணோம்.

"பொடியன் சாப்பிடப் போனவன்" என்று காக்கா
றோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.
கொத்துரொட்டிக் கையோடு ஓடிவந்தான்.
எனக்குத் தெரிந்த சிங்களம் நாற்பது சொல்,
கேக் நாற்பத்தோராவது.
கதவைத் திறந்து காட்டினேன்.
கொக்குகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான்,
இடக்கையால் தன் வயரைக் கழற்றினான்.

துப்பாக்கிப் பிடிபோல் கனக்கும் அது
காரின் வாய்க்குள் போய் டக்கென்று பூட்டியது.
ஏசியும் ஓட, கறண்டும் ஏற,
கேக்குக்கு மூச்சு வந்தது. எனக்கும்.
ஆனால் பற்றரி கொதிக்கிறது, ஏற்றம் நத்தையாய்.
காக்கா கடைக்குள்ளிருந்து நிற்கும் காத்தாடியைத் தூக்கிவந்து
காரின் வயிற்றுக்கு நேரே வைத்தார்.
"இதுக்கும் காய்ச்சல்தான் கா."

ஐம்பத்தெட்டில் காத்தாடி நின்றது.
சார்ஜரின் பச்சை நின்றது.
உரக்கடை வானொலி ஒரு விளம்பரத்தின் நடுவில் நின்றது.
"எப்ப வரும்?"
"போன நேரம்தான் எனக்குத் தெரியும்."
ஏறின யூனிற்றுக்கு மட்டும் எடுத்தார், காத்தாடிக்கு எடுக்கவில்லை.

நாற்பத்தைந்து போக வேண்டும்.
குளிரோடு நாற்பத்தொன்று, குளிரில்லாமல் ஐம்பத்துமூன்று.
பாதி பாதி என்று நானே தீர்ப்புச் சொன்னேன்.

கோமாரிக்கு அங்கால் காடு கிட்ட வரும்.
சத்தமில்லாத காரை யானை காதால் பிடிக்காது,
ஹோர்னைத் தட்டித் தட்டிப் போனேன்
இருமல்காரி மாதிரி.
வெயில் காட்டுப் பக்கம் சாய, ஏசியை நிப்பாட்டிக்
கடற்பக்கக் கண்ணாடியை இறக்கினேன்.
காற்று சும்மா கிடைத்தது, உப்போடு.
கண்ணாடியில் பார்த்தால்
ஒரு கொக்கு மெல்லச் சரிந்து
மற்றதன் கழுத்தில் தலையைப் போட்டிருந்தது.

கிலோமீற்றர் இருந்த இடத்தில் இப்போது மூன்று கோடு.
பொத்துவில் பலகைக்குக் கொஞ்சம் முன்னால்
திரையில் ஆமை வந்தது,
இனி என்னால் இவ்வளவுதான் என்று இவள் சொல்லும் விதம்.
இந்தக் கரைக்கு ஆமை புதுசா?
ஊர்ந்தோம்.

மண்டபத்துக் குசினி ஜன்னலால் வயரை இழுத்து
ஐஸ்பெட்டிக்கும் சவுண்ட்காரனுக்கும் நடுவில்
ஒரு சொக்கெற் பிடித்தேன்.
பதினொரு மணித்தியாலம் என்றது திரை.
விதுர்சிகா தலைப்பூ பாதி கட்டினபடி வந்து
சரிந்த கொக்கைக் குனிந்து பார்த்தாள்.
"வடிவாயிருக்கே. நினைச்சேதானே இப்பிடிச் செய்தீங்க?"
ஓம் என்றேன்.