ஐந்து புள்ளி

கால்கூர்லி. மே பதினேழு பிறந்த நள்ளிரவு.
உலையில் ஆயிரத்து நூறு பாகை.
ஐம்பது மூசைகள் வரிசையில்,
ஒவ்வொன்றிலும் பொடித்த பாறை முப்பது கிராம்.
எனக்கு முப்பத்துமூன்று முடிந்தது.

யாரும் எதையும் தட்டவில்லை.
எங்கோ ஒரு அரசாங்கக் கணினி
என் பெயருக்கு நேரே எண்பத்தைந்தை அழித்து
எண்பது என்று போட்டுக்கொண்டது.
நேற்றைய பியூலாவைவிட
இன்றைய பியூலா ஐந்து புள்ளி மட்டம்.

டேரன் லாமிங்டன் கேக்கில் தீக்குச்சி செருகிக் கொண்டுவந்தான்.
"எத்தனை?" என்றான்.
"எண்பது" என்றேன்.
"பார்த்தால் தெரியவில்லையே."

கையில் இருக்கும் விசா கம்பெனி எடுத்துக் கொடுத்தது.
அதில் நான் ஆறு இலக்கத் தொழில் எண்.
ஆய்வகத்தை விற்கப்போவதாகப் பேச்சு அடிபட்ட வாரம்
ஃபிரிட்ஜ் மாற்றும் யோசனையை ஆசீர் கைவிட்டான்.
பழையது இரவெல்லாம் முனகுகிறது.

பெர்த்திலிருந்து விசா ஏஜென்ட் கார்மல் போனில் சொன்னாள்:
வயதைத் திருப்ப வழியில்லை.
ஆங்கிலத்தில் கூரையைத் தொட்டாயிற்று.
உன் தாய்மொழி என்ன?
அதற்கும் ஐந்து உண்டு.

சிரித்துவிட்டேன்.
இத்தனை நாள் அது வீட்டில் சும்மாவே கிடந்தது,
ஆசீரைத் திட்டவும்
குழம்பில் உப்புக் கேட்கவும்.

தேர்வு கணினி முன்னால்.
முகமில்லாத அதிகாரி ஆங்கிலத்தில் கேட்பார்,
முகமில்லாத ஒருவர் தமிழில் சொல்வார்,
நடுவில் நான்.
அடமானம், பிணைத்தொகை, வாடகை வைப்பு, பராமரிப்புப் படி,
பாளையங்கோட்டையில் நான் ஒருநாளும்
வாயில் போட்டு மெல்லாத சொற்கள்.
ஆசீர் அதிகாரியாக நடித்தான்,
பாத்திரம் கழுவிக்கொண்டே
எனக்கு நலத்தொகை மறுத்தான்.
பெருங்குழியில் வெடி வைக்கும் நேரம் ஜன்னல் அதிரும்,
ஈரக்கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு
"ஆவணம் போதாது" என்பான்.

தேர்வன்று முதல் உரையாடல் ஒழுகும் கூரை.
தப்பித்தேன்.
இரண்டாவதில் பேசியவர் யாழ்ப்பாணத்துக்காரர்.
"மனிசி போன கிழமை மோசம் போயிட்டா" என்றார்.
வங்கிக் கணக்கு அவ பேரிலதான், என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை என்றார்.
நடிப்புதான். எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற குரல்.
ஐ ஆம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ் என்றாள் அதிகாரி.
மணி ஒலித்தது. இப்போது என் முறை.

எங்கள் பக்கம் இதற்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்
கையைப் பிடித்தபடி உட்கார்வோம்.
பிறகு யாராவது காபி கொண்டுவருவார்கள்.
'தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்' என்பது
பசை தடவி ஒட்டுகிற தமிழ்.

நான்கு விநாடி. ஐந்து.
தயங்கினால் மதிப்பெண் குறையும்.
"ஐயா" என்று தொடங்கினேன்.
அதற்குப் பிறகு என்ன சொன்னேனோ, நினைவில்லை.
அவர் நன்றி சொன்னார்.
எப்படியும் சொல்லியிருப்பார், அது பதிவு.

ஆகஸ்டில் முடிவு. தேர்ச்சி.
எண்பது அழிந்து மறுபடி எண்பத்தைந்து.
அதே வாரம் கார்மல் கூப்பிட்டாள்.
இந்தச் சுற்றில் உன் தொழிலுக்குத்
தொண்ணூறோடு நிறுத்திவிட்டார்கள்.
அடுத்த சுற்று எப்போதென்று தெரியாது.

"என்கிட்ட எடுக்க ஏதாவது இருக்கா?" என்றான் ஆசீர்.
அவனை ஏற்கெனவே எடை போட்டுச் சேர்த்தாயிற்று.

இரவு ஷிஃப்ட்.
எலும்புச் சாம்பல் கிண்ணங்கள் ஈயத்தைக் குடித்து முடித்தன.
அடியில் தங்கியது கடுகில் பாதி.
அமிலத்தில் வெள்ளி போக, அதிலும் கொஞ்சம்.
இடுக்கியால் எடுத்துத் தராசில் வைக்கிறேன்,
கண்ணாடிக் கதவைச் சாத்துகிறேன்,
மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.
"எவ்வளவு?" என்கிறான் டேரன் வாசலிலிருந்து.

இரு.
கடைசி இலக்கம் இன்னும் ஆடுகிறது.