மதிப்பெண் பாரம்

மூன்றாவது வருடமாக
பகாவிலிருந்து உள்ளே, செம்பனை லோரிக்கு வழிவிட்டு வழிவிட்டு
பல்கலைக்கழக பஸ் வருகிறது.
லயத்துக் கால்வாய்த் தண்ணீரைக் குப்பியில் பிடித்து
எண் ஒட்டுகிறார்கள்.
"வாரத்தில் எத்தனை நாள் குழாய் நிற்கும்?"
போன வருடமும் சொன்னேன்.

நஸிரா மட்டும் கேட்டாள்
அந்தப் பதிலெல்லாம் எங்கே போயின என்று.
விரிவுரையாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கிளம்பும்போது ஒரு பாரம்:
மாணவருக்குச் சமூகம் தரும் மதிப்பெண், ஒன்று முதல் ஐந்து.
சமூகம் என்றால் நான்தான்,
இரவு வேலை முடிந்து தூங்காதவள்.
என் மனுவைத் திருப்பியனுப்பியதும் இதே பல்கலைக்கழகம்.

எல்லாருக்கும் நான்கு போட்டேன்.
நஸிராவின் கட்டம் காலி.
"எனக்கு ஏன் இல்லை?"
"உன்னுது இன்னும் முடியல."

வெள்ளி மத்தியானம், குழாய் நின்ற நேரம்,
தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.
சோப்புக் கையோடு எடுத்தேன்.