நான்காவது பத்தி

யாரும் தமக்காகக் கேட்பதில்லை.
'தெரிஞ்சவர் ஒருத்தருக்கு சார்' என்றுதான் தொடங்கும்.
அந்தத் தெரிஞ்சவர் இந்தக் குடியாத்தத்தில்
எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார்,
படிக்காமல் எத்தனை கையெழுத்து,
அக்காவுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்து
விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியிருக்கிறார்.
பாவம், ஒருநாளும் அவரே வந்ததில்லை.

பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் கேட்பார்கள்.
சலூனில் பாதிக் கன்னம் நுரையாக இருக்கையில்
கத்தியை எடுக்காமலே கேட்டார் தேவராஜுலு:
'பக்கத்து ஊட்டுப் புளியமரம்
எங்க ஓட்டுமேல சாஞ்சிக்கினு கீது சார்.
கிளை அவனுது. பழம் யாருது?'
தொண்டைமேல் கத்தி.
பழம் உங்களுடையது என்றேன்.
முகம் கழுவிய பிறகு
சட்டம் வேறு மாதிரி என்று திருத்திச் சொன்னேன்.

பச்சையம்மாள் தனக்காகக் கேட்டாள்.

லுங்கிக் கடைக்கு மேலே என் அறை, பதினேழு படி.
ஏறி வந்து, ஃபேனுக்கு நேர் கீழே
தரையில் உட்காரப் போனவளை
நாற்காலிக்குச் சம்மதிக்க வைக்கவே ஐந்து நிமிஷம்.
விரல் நுனிகளில் பீடித்தூள் மஞ்சள்.
அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

'ஊட்டுக்காரர் போயி பதினோரு வருஷம் ஆவுது.
கட்டட வேலைன்னு பெங்களூர் பஸ் ஏறினாரு.
ஏழு வருஷம் வரலன்னா
செத்தவங்க கணக்குன்னு சட்டம் கீதாமே, மெய்யா?'

மெய்தான் என்றேன்.
கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள்
ஏழு வருஷம் கேள்விப்படவில்லை என்றால்
இறந்தவர் என்று கோர்ட் அனுமானிக்கும்.
வாரிசுச் சான்று கிடைக்கும், பட்டா மாறும்.
போலீஸில் எழுதிக் கொடுத்தீர்களா?
ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து
மடிப்பிலேயே கிழிந்துபோன ஒரு ரசீது வந்தது.
எல்லாம் இருந்தது. நல்ல கேஸ்.

அஃபிடவிட் அடிக்கச் சொன்னேன்.
நஸ்ரீன் வாய்விட்டுப் படித்தபடி அடித்தாள்:
'நான்கு. மேற்படி நபரைப் பற்றி
நாளது தேதிவரை எனக்கு எவ்விதத் தகவலும் இல்லை.'

'இரும்மா' என்றாள்.

கெங்கையம்மன் சிரசு ஏறும் நாளில்
வருஷா வருஷம் ராத்திரி ஒரு போன் வருமாம்.
ஒவ்வொரு தடவையும் வேறு நம்பர்.
மகன் புதுப் போன் வாங்கித் தந்தும்
அதற்காகவே பழைய சிம்மை மாற்றவில்லை.
எதிர்முனையில் யாரும் பேசமாட்டார்கள்.
இவள் வாசலுக்கு வந்து
போனை வானத்துப் பக்கம் தூக்கிப் பிடிப்பாளாம்.
வாணவேடிக்கை முடிகிறவரை இருந்துவிட்டு
வைத்துவிடுவார்களாம்.

'பேசாதது தகவலா சார்?'

இருபத்திரண்டு வருஷமாகக் கருப்புக் கோட்டு.
ராங் நம்பர் என்றேன்.
யாராவது குடிகாரனாக இருக்கும் என்றேன்.
பேசாத போனை எந்த கோர்ட்டும்
சாட்சியாக எடுத்துக்கொள்ளாது,
தாராளமாகக் கையெழுத்துப் போடலாம் என்றேன்.

'மூச்சு கேக்குது சார்.
பீடி இழுக்கறவன் மூச்சு.
எனக்குத் தெரியாதா?'

நஸ்ரீன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.
கீழே கடையில் யாரோ
ஒரு லுங்கியை விரித்து உதறினார்கள்.

'அந்தப் பத்தி மட்டும் வாணாம். மத்ததெல்லாம் அடிச்சி வெய்யி.'
அது இல்லாமல் மனு நிற்காதே அம்மா என்றேன்.
'நிக்கலன்னா உக்காரட்டும் சார்.'
படியில் ஒவ்வொன்றாக இறங்குவது
வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்றுக்குப் பிறகு ஐந்து என்று
அந்தக் கட்டு இன்னும் என் அலமாரியில்.

இந்த வைகாசி முதல் தேதி
சிரசு ஊர்வலம் முடிந்து
ஆற்றோரம் வாணம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.
நெரிசலில் யாரோ தோளைத் தொட்டு,
'சின்ன சந்தேகம் சார், தெரிஞ்சவர் ஒருத்தருக்கு...'

வெடி முடியட்டும் என்று கை காட்டினேன்.