பத்துக் கிலோவுக்குக் கீழே

அங்கே மதியம் மூன்று மணி.
இங்கே கோவிந்தாபுரத்தில் ஏழரை,
தேங்காய் லாரிகள் வரிசை கட்டும் நேரம்.
எடைமேடைக் கூண்டுக்குள் ஒரு கண் சிவப்பு எண்களில்,
ஒரு கண் போனில்.
ஆட்டம் நடக்கும் ஊரின் பெயர்
மூன்று தரம் படித்தும் நாக்கில் ஏறவில்லை.
பனி பெய்கிறதாம்.
ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டு
யோசிக்கிறார்கள்.

நம்மவர் பதினொரு பேர் போயிருக்கிறார்கள்.
முதல் மேசையில் சோஹம் பட்கே. அவனுக்குக் கேமரா உண்டு,
தண்ணீர் குடித்தால்கூடத் தெரியும்.
லலித் நரோனா இரண்டு தோல்விக்குப் பிறகு
மூன்று நாளாக எல்லாரோடும் சமாதானம்.
என் ஆள் அறுபத்திரண்டாம் மேசை:
ஜூனுமோனி பெகு, பத்தொன்பது வயது, அஸ்ஸாம்.
கேமரா கிடையாது.
காய்கள் தாமாக நகரும், பேய் வீடு மாதிரி.

ஏன் இவள் என்று கேட்டால் பதிலில்லை.
முதல் நாள் நம்மவர் பட்டியலில் கடைசிப் பெயர்.
அவள் ஊரும் ஏதோ எல்லையோரமாக இருக்கும் என்று
நானாக நினைத்துக்கொண்டேன்.
பாலிடெக்னிக்கில் படித்தபோது
நானும் மாவட்டத்தில் மூன்றாமிடம்.
அந்தக் கோப்பையில் இப்போது குண்டூசி.

திரை ஓரத்தில் ஒரு பட்டை ஏறி இறங்குகிறது.
கறுப்புக்குப் புள்ளி நான்கு கூடுதலாம்.
புள்ளி நான்கு என்றால் எவ்வளவு?
அரைச் சிப்பாய்கூட இல்லை.
என் மேடை பத்துக் கிலோவுக்குக் கீழே
எதையும் ஒப்புக்கொள்ளாது.
டிரைவர் இறங்கினால் காட்டும்,
அவர் விட்டுப்போன செருப்பைக் காட்டாது.

ஐம்பத்தெட்டாம் நகர்வில் ஹார்ன்.
கொல்லங்கோட்டிலிருந்து ஒரு லாரி,
மேலே யானை.
"தூக்கம் நோக்கணும் சேச்சி," என்றார் பாகன் வேலாயுதன்,
"டாக்டர் பறஞ்ஞு."
இந்த ரோட்டில் ஒன்பது வருஷம்.
தூக்கம் என்றால் எடை என்று தெரியும்.
ஆனாலும் இரவு நேரத்தில் யார் அப்படிக் கேட்டாலும்
எனக்கும்தான் என்று வாயில் வந்துவிடுகிறது.

போனில் அவளிடம் ஒரு யானை, ஒரு சிப்பாய்.
எதிராளியிடம் ஒரு யானை மட்டும்,
பெயருக்கு முன்னால் கிராண்ட்மாஸ்டர்.
மேடையில் இது கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறது.
9910. 9930. 9900.
எண் நிலைக்காமல் ரசீது அடிக்க முடியாது.
"மோனே, அடங்கு," என்கிறார் வேலாயுதன்.
அவளுக்கு இன்னும் நாலு நிமிஷம்.
பின்னால் நாலு லாரி.

அப்போது பட்டை மொத்தமும் கறுப்பாயிற்று.
ஜெயிக்கிற வழி வெட்டவெளியில் கிடந்தது:
ராஜாவை ஒரு கட்டம் பக்கத்தில் வைத்தால் போதும்.
எனக்குத் தெரிகிறது, போனுக்குத் தெரிகிறது,
அந்தக் கூடத்தில் அவளுக்கு மட்டும் தெரியாது.
கூண்டுக் கண்ணாடியில் விரலால் தட்டினேன்.
யானைதான் திரும்பிப் பார்த்தது.
பார்த்தபடி நின்றது. 9920.
ரசீது அடித்து நிமிர்ந்தேன்.
சிப்பாயைத் தள்ளியிருந்தாள்.
பட்டை நடுவுக்கு வந்துவிட்டது.

"ஜெயிச்சோ?" என்றார் பாகன்.
இல்லை. தோற்கவுமில்லை. அரை.

யானையை இறக்கிவிட்டு வெறும் லாரி வந்தது: 5590.
கழித்தேன். நாலாயிரத்து முந்நூற்று முப்பது.
போன வருஷத்தைவிட நூற்றெண்பது குறைவு என்றார்.
இன்னொரு தரம் கழிக்கச் சொன்னார்.
கழித்தேன். அதேதான்.
பேசாமல் போய்ப் பனையோலையை
அதன் வாய்ப்பக்கமாக நகர்த்தி வைத்தார்.

அந்தப் பெண் இப்போது வெளியே பனியில் நடப்பாள்.
அந்த ராஜாவைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள்.
சொல்லாமல் விட்டிருக்கலாம்.

ஒரு மணிக்கு எட்டாம் சுற்றுப் பட்டியல் வந்தது.
நாற்பத்தொன்பதாம் மேசை, வெள்ளை.
நாளை எனக்கு லீவு, வீட்டில் சிக்னல் கிடையாது.
மாற்று ஆள் சரவணமுத்துவிடம்
என்ன பொய் சொல்லி இந்த நாற்காலியை வாங்குவது?
அவன் ஒன்று சொன்னால் நான் ஒன்று,
நாலு நகர்வு வரை யோசித்தாயிற்று.