கெடு

தங்கச்சிமடம் மெயின் ரோட்டில்
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் மனு:
கடை என்னுடையது, மின்விசிறி வாடகைக்கு.

டெல்பினாக்காவின் மனு
இன்று ஐந்தரைக்குள் ஏற வேண்டும்.
திரையில் சிவப்பாக டெட்லைன்.
சர்வர் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.
சும்மா இராமல் அந்தச் சொல்லைத் தேடினேன்.

பிரித்தால் சாவு, கோடு.
அமெரிக்க உள்நாட்டுப் போரில்
கைதிகளை அடைத்த வெளியொன்றில்
மதிலுக்கு இப்பால் தாழ்வாக ஓடியதாம் ஒரு மரச்சட்டம்.
கை நீட்டினாலே போதும்,
மேலே கூண்டில் நிற்பவன் ஏனென்று கேட்கமாட்டான்.
சட்டம் விழுந்துபோன இடத்தில்
இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டுமாம்.
அப்புறம் எப்படியோ அச்சாபீசுக்குள் நுழைந்து
கடைசித் தேதி ஆகியிருக்கிறது.

அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.
"எந்த இடத்துல புடிச்சாங்கன்னு கேக்குது."
"ஜிபிஎஸ்ல கோடு தெரியுமாம்,
தண்ணியில தெரியாதாம்.
நகரை என்ன, கோட்டப் பாத்தா போகுது?"

நிலைக்காததை நீர்மேல் எழுத்து என்போம்.
எழுபத்துநாலில் எழுதியது
இன்னும் அழியக் காணோம்.

கடைசித் தேதிக்கு நம்மிடமும் ஒரு சொல் உண்டு.
வட்டிக்காரர் வைப்பது, கோர்ட்டு வைப்பது.
கொஞ்சம் இழுத்துச் சொன்னால் கேடு.

ஐந்து இருபத்திரண்டு.
அச்சிட்டு நீட்டினேன்.
கையெழுத்துக்கென்று போட்ட புள்ளிக்கோட்டில்
மெதுவாக, எழுத்தெழுத்தாக எழுதினாள்.
'னா' மட்டும் கோட்டைத் தாண்டிவிட்டது.

"வேற எழுதித் தரவா?"
"வேண்டாங்க்கா" என்று
அப்படியே ஸ்கேன் செய்து ஏற்றினேன்.